எங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தீர்களா? பயிர்க்கழிவுக் கரியை ஆராய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பயிர்க்கழிவைக் கரியாக்கி அதைக் கொண்டு தண்ணீரிலிருந்து பூச்சிமருந்தை எடுக்க முயலும் பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, அந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் குழுவினரே,

எங்கள் பொதுக்கிணற்றை ஒட்டி உங்களில் ஒரு குழு வைத்துப்போன கரி வடிகட்டியைப் பற்றி எழுதிக் கேட்டதற்கு, போன மாதம் எனக்கு இரண்டு வரியில் ஒரு பதில் வந்தது. வடிகட்டியிலிருந்து வெளிவரும் தண்ணீரைத் தொடர்ந்து சோதிப்பது திட்டத்தின் எல்லைக்குள் வராதாம், திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்துவிட்டதாம். அனுப்பிய குழு எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் மட்டும் செய்த தப்பாக இருந்தால் அவர்களோடு சண்டை போட்டு முடித்திருப்பேன். அந்தப் பதிலைப் படித்த கோபத்தில், இந்த விஷயத்தில் கைக்குக் கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தெரியாத சொல்லையெல்லாம் தேடித் தேடி, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். படித்தபிறகுதான் புரிந்தது, இது ஒரு குழுவின் பழக்கம் இல்லை, உங்களில் நிறையப் பேருடைய பழக்கம். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் விவசாயி. மருந்தடிக்கிறவனும் நான்தான், அந்த மருந்து இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவனும் நான்தான். அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு முகமில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் உங்களில் ஒரு குழு வந்து, மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையை இரண்டு சாக்கில் கட்டி எடுத்துப்போனது. அடுத்த வருடம் திரும்பி வந்தார்கள். சக்கையில் செய்த கரி மருந்தையெல்லாம் இழுத்துக்கொள்கிறது என்றார்கள், கட்டுரை வெளிவந்ததைக் காட்டினார்கள், எங்கள் பொதுக்கிணற்றை ஒட்டி இரண்டு பீப்பாய் வைத்து ஒரு வடிகட்டி கட்டிக் கொடுத்தார்கள். பீப்பாய்க்குப் பொறுப்பாள் நான்.

திறப்பு நாளன்று நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நீலச் சாயம் கரைத்த தண்ணீரை ஒரு குடம் மேலே ஊற்றினார்கள். கீழே குழாயைத் திறந்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர். எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். பக்கத்தில் நின்றிருந்த பாட்டி ஒருவர் மட்டும் அந்த மாணவரைப் பார்த்து, "ஏன் தம்பி, மருந்தும் நீலமாத்தான் இருக்குமா?" என்று கேட்டார். அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். இப்போது நினைத்தால் அன்றைக்கு அங்கே கேட்கப்பட்ட ஒரே அறிவியல் கேள்வி அதுதான். அந்தச் சாயம் நேர்மின்சுமை கொண்டது, சாதாரணத் தண்ணீரில் கரியின் மேல்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்சுமையோடு இருக்கும், ஆகவே ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி அதே தண்ணீரில் எதிர்மின்சுமையோடு இருக்கிறது. சாயம் ஒட்டியதைக் காட்டி அதுவும் ஒட்டிவிடும் என்று நம்பவைத்தது நியாயமா? மருந்துக்கு நிறம் கிடையாது, கிணற்றில் இருக்கிற அளவில் வாசனையும் கிடையாது. கண்ணால் பார்த்து நம்பவே முடியாத ஒன்றைக் கண்ணுக்குக் காட்டி நம்பவைத்துவிட்டுப் போனீர்கள்.

சரி, சதவீதத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மருந்தைக் கரைத்துத்தான் ஆரம்பிக்கின்றன. 10 மில்லிகிராம் கரைத்து அதில் 99 சதவீதம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம், பெரிய மனதோடு 99. மிச்சம் எவ்வளவு? லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் ஒரு பூச்சிமருந்துக்கு வைத்திருக்கிற வரம்பு 0.1 மைக்ரோகிராம், எல்லா மருந்தும் சேர்ந்து 0.5. உங்கள் 99 சதவீத வெற்றிக்குப் பிறகும் அந்தத் தண்ணீர் அந்த வரம்பைப் போல ஆயிரம் மடங்கில் நிற்கிறது! அமெரிக்காவில் அட்ரசின் என்ற களைக்கொல்லிக்கு 3 மைக்ரோகிராம் வரை விடுகிறார்கள், அந்தக் கணக்கிலும் முப்பது மடங்குக்கு மேல். கூட்டல் கழித்தல் தெரிந்தவன் போடக்கூடிய கணக்குதான் இது, ஆனால் நான் படித்தவற்றில் இந்தக் கணக்கை முடிவுரையில் போட்டுக் காட்டியவர்கள் மிகக் குறைவு.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். கிணற்றில் உண்மையாக இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. ஒரு கிராம் மருந்தைப் பத்து லட்சம் லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். நீங்களோ ஒரு கிராமை நூறு லிட்டரில் கரைத்துச் சோதிக்கிறீர்கள், ஏனென்றால் உங்கள் கருவிக்கு அந்த அளவு இருந்தால்தான் சுலபமாகத் தெரிகிறது. தண்ணீரில் மருந்து குறைவாக இருக்கும்போது ஒரு கிராம் கரி பிடித்துக்கொள்கிற அளவும் குறைந்துவிடும் என்பது உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே ஒரு கிராம் கரி இத்தனை மில்லிகிராம் பிடிக்கும் என்று நீங்கள் பெருமையாக எழுதுகிற உச்ச எண் எங்கள் கிணற்றடிக்கு வரவே வராது.

அந்த உச்ச எண்ணை எடுக்க உங்களில் நிறையப் பேர் லாங்மியர் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறீர்கள், ஒரு பரப்பில் எவ்வளவு ஒட்டும் என்று கணக்கிடுகிற சமன்பாடு அது. இர்விங் லாங்மியர் அதைப் பற்றி 1918-இல் எழுதியபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தது வழவழப்பான கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் ஆகியவற்றின் மேல் வாயு ஒட்டுவதை. பீப்பாயில் அரைகுறையாக வெந்த மக்காச்சோளச் சக்கையை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சமன்பாட்டின் கோடு உங்கள் அளவுகளோடு பொருந்துகிறது என்கிறீர்கள், பொருந்தட்டும். என் பீப்பாயை எத்தனாவது நாள் காலி செய்ய வேண்டும் என்று அந்தக் கோடு சொல்லவில்லையே.

நான் உண்மையில் கேட்டது அந்த ஒரு கேள்விதான். எப்போது கரியை மாற்ற வேண்டும்?

வடிகட்டி வைத்த முதல் வாரம் மாதிரி எடுத்தார்கள். மருந்து கண்டறியும் அளவுக்குக் கீழே என்று முடிவு வந்தது, அதைத்தான் அறிக்கையில் போட்டார்கள். அந்தத் தாளை நானே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குழாய்க்கு மேலே மாட்டி வைத்தேன். அப்புறம் யாரும் வரவில்லை. ஏழாவது மாதம் மனசு கேட்காமல் என் கைக்காசில் ஒரு சோதனைக்கூடத்துக்கு இரண்டு பாட்டில் அனுப்பினேன், ஒன்று கிணற்றிலிருந்து, ஒன்று குழாயிலிருந்து. உள்ளே போகிறதும் வெளியே வருகிறதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. ஒரு களைக்கொல்லி மட்டும் கிணற்றில் இருந்ததைவிடக் குழாயில் அதிகமாக இருந்தது. குழுவுக்கு எழுதிக் கேட்டேன், மாதிரி எடுத்ததில் பிழை இருக்கும் என்றார்கள். பாட்டிலைக் கழுவத் தெரியாத ஆள் என்று என்னை நினைத்துவிட்டார்கள் போல. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: கரியில் இடம் நிரம்பியபின், கெட்டியாக ஒட்டுகிற பொருள் வந்தால் லேசாக ஒட்டியிருந்ததைத் தள்ளிவிட்டு உட்காரும், தள்ளப்பட்டது மொத்தமாகச் சேர்ந்து வெளியே வரும், அதனால் கொஞ்ச நாளைக்கு வடிகட்டியிலிருந்து வருகிற தண்ணீர் உள்ளே போகிற தண்ணீரைவிட மோசமாக இருக்கலாம். தண்ணீர்த் துறையில் கரி வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது பழைய செய்தி. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

எத்தனை நாள் அப்படிக் குடித்தோம் என்று தெரியாது. குழாய்க்கு மேலே அந்தத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

இனி, தண்ணீர். உங்கள் சோதனைகளில் எத்தனை, காய்ச்சி வடித்த நீரிலோ அயனி நீக்கிய நீரிலோ நடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தீர்களா? அதில் ஒரே ஒரு மருந்து, கரி, வேறொன்றும் இல்லை. எங்கள் தண்ணீர் அப்படியா இருக்கிறது? இலைதழை அழுகிக் கரைந்தது, மண்ணிலிருந்து ஊறி வந்தது, சாணம், மழைக்காலத்தில் தேநீர் நிறத்தில் இறங்கி வருகிற வண்டல் நீர் என்று எல்லாமும் இருக்கும். இந்தக் கரைந்த கரிமப்பொருள் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது, மருந்து மைக்ரோகிராம் கணக்கில். ஆயிரம் பேர் நிற்கிற வரிசையில் ஒருவர் மருந்து. கரியின் நுண்துளை வாயை அடைத்துக்கொண்டு அந்த ஆயிரம் பேர் உட்கார்ந்தபிறகு மருந்துக்கு எங்கே இடம்? கரி மாதக்கணக்கில் இப்படித் தண்ணீரில் ஊறியபின் எவ்வளவு பிடிக்கிறது என்று சோதித்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கும்பிடு. மற்றவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம் வேண்டுமென்றால் நான் அனுப்பி வைக்கிறேன்.

அரைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் கரியை மாவாக அரைத்துச் சலித்து, குடுவையில் போட்டு, குலுக்கியில் இருபத்துநாலு மணி நேரம் குலுக்குகிறீர்கள். என் பீப்பாயில் மாவைப் போட்டால் ஒன்று அடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் குழாயில் கறுப்பாகக் கொட்டும். அதனால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகளாகத்தான் போட முடியும். துண்டு பத்து மடங்கு பெரிதானால் மருந்து அதன் உள்துளை வரைக்கும் ஊர்ந்து போக நூறு மடங்கு நேரம் பிடிக்கும் என்பது பரவல் கணக்கு, ஆனால் என் தண்ணீர் கரிக்குள் இருக்கப்போவது கால் மணி நேரம். குலுக்கியும் கிடையாது. குடம் வைத்துக் காத்திருக்கிறவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல முடியுமா?

பூச்சிமருந்து என்பது ஒரே பொருள் மாதிரி எழுதுகிறீர்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. குளோர்பைரிஃபாஸ் தண்ணீரில் கரையவே யோசிக்கிற பொருள், கரியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். அட்ரசினும் கரியோடு ஓரளவு ஒத்துப்போகும். பாராகுவாட்டுக்கு நேர்மின்சுமை, அதன் கதை வேறு. இமிடாகுளோபிரிட் தண்ணீரில் நன்றாகக் கரைகிறது. டூ-ஃபோர்-டி அமில வகை, சாதாரணத் தண்ணீரில் எதிர்மின்சுமையோடு இருக்கும், ஆகவே நல்ல எண் வர வேண்டுமென்று தண்ணீரின் பிஎச்சை 2-க்கு இறக்கி, அதாவது கடும் அமிலமாக்கிச் சோதிக்கிறீர்கள். பிஎச் 2-இல் இருக்கிற தண்ணீரை யார் குடிப்பார்கள்? கிளைஃபோசேட்டுக்குச் சும்மா சுட்ட கரி பெரிதாக உதவாது, இரும்பு ஏற்றிய கரி வேண்டும் என்று உங்களிலேயே சிலர் காட்டியிருக்கிறீர்கள். அப்படியிருக்க எங்களிடம் வந்தவர்கள், இங்கே என்ன அடிக்கிறீர்கள், எந்தப் பயிருக்கு, எந்த மாதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோதனைக்கூட அலமாரியில் எந்த மருந்து தூய வடிவில் இருந்ததோ அதை வைத்துச் சோதித்தார்கள். எங்கள் கிணற்றில் கிடைத்த இரண்டு மருந்தில் ஒன்றுகூட அந்தக் கட்டுரையில் இல்லை.

மருந்து சிதைந்து உண்டாகும் பொருள்களையும் பார்ப்பதில்லை. அட்ரசின் உடைந்து வருகிற டீஎத்தில் அட்ரசின் தாயைவிடத் தண்ணீரோடு அதிகம் ஒட்டுகிற பிள்ளை, கரியில் குறைவாகவே தங்கும். இன்னொன்று, சாம்பல் அதிகமுள்ள கரி தண்ணீரைக் காரமாக்கும். மாலத்தியான், கார்போபியூரான் மாதிரியான மருந்துகள் காரத்தில் தானாகவே உடையும். மருந்து மறைந்தது என்று எழுதும்போது, கரி பிடித்ததா, காரத்தில் உடைந்ததா, உடைந்தது என்றால் துண்டு எங்கே போனது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

காரம் என்றதும் ஞாபகம் வருகிறது. கட்டுரையில் "கரி நன்கு கழுவப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். நாங்கள் கழுவினோம். முதல் தண்ணீர் மை மாதிரி. இரண்டாவது, மூன்றாவது சாம்பல் நிறம். ஐந்தாவது தடவையும் விரலைத் தேய்த்தால் சோப்பு போட்ட மாதிரி வழுவழுவென்று இருந்தது, அது சாம்பலின் காரம். மக்காச்சோளச் சக்கைக்கே இந்தப் பாடு. உமியென்றால் அதில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பங்கு சாம்பல்தான், பெரும்பாலும் சிலிக்கா, கரியாகும்போது அந்தப் பங்கு இன்னும் கூடிவிடும். ஒரு மூட்டைக் கரியைக் கழுவ எத்தனை குடம் தண்ணீர் இறைத்தோம் என்று நான் எண்ணவில்லை, என் மனைவி எண்ணினாள், சொல்லிக் காட்டவும் செய்தாள். நல்ல தண்ணீர் வேண்டித்தானே இந்த வேலையே. கரியைக் கழுவவே அவ்வளவு நல்ல தண்ணீர் போகும் என்று யாராவது முன்னால் எழுதியிருக்க வேண்டாமா?

சுடுவதும் அப்படியே. உங்களிடம் மின் உலை இருக்கிறது, நைட்ரஜன் இருக்கிறது, 600 டிகிரி என்றால் 600-இல் நிற்கும். எங்களிடம் பீப்பாய் இருக்கிறது. கரிமூட்டம் போட்டவர்களுக்குத் தெரியும், ஒரே மூட்டத்தில் நடுவில் ஒரு கரி, ஓரத்தில் ஒரு கரி, அடியில் பாதி வெந்த கட்டை. குறைந்த சூட்டில் வெந்தால் கரி நிறையக் கிடைக்கும், நுண்துளை குறைவு. 600, 700 டிகிரிக்குப் போனால் கரி குறையும், துளை கூடும், அட்ரசின் மாதிரியானவற்றுக்கு அதுதான் நல்லது. ஒரே மூட்டத்துக் கரியிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது "மக்காச்சோளக் கரி" என்று ஒரே பெயரில் எழுதினால் நாங்கள் எதைச் செய்வது? கையில் எடுத்தால் எப்படி இருக்கணும், நொறுக்கினால் என்ன சத்தம் வரணும், புகை எந்த நிறத்துக்கு மாறியபின் மூடணும் என்றாவது சொல்லுங்கள். புகை சரியாக வெளியேறாமல் கரியிலேயே படிந்தால் அதில் புற்றுநோய் உண்டாக்கும் ஹைட்ரோகார்பன்கள் தங்கக்கூடும். மண்ணில் போடுகிற கரிக்கு அதற்கென்று வரம்பு வைத்துச் சான்றிதழ் தருகிற ஏற்பாடு ஐரோப்பாவில் இருக்கிறது. மண்ணுக்கே சான்றிதழ் கேட்கிற காலத்தில், குடிக்கிற தண்ணீர் பாயும் கரியை என் பீப்பாயிலிருந்து அப்படியே எடுத்துப் போடச் சொன்னீர்கள்.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாதது வேறு. தீர்ந்துபோன கரி.

ஏழாவது மாதச் சோதனைக்குப் பிறகு வடிகட்டியை நிறுத்திக் கரியை அள்ளினோம். பன்னிரண்டு மூட்டை. கொட்டகையில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டேன். அதில் இருப்பது என்ன? ஏழு மாதம் கிணற்றிலிருந்து சேர்த்த மருந்து. தண்ணீரில் பரவலாக இருந்ததை ஒரே இடத்தில் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அடுப்புக்கு ஆகுமா என்று ஒருவர் கேட்டார். தோட்டத்துக்குப் போட்டால் மண் நன்றாக இருக்குமாமே என்று இன்னொருவர். இரண்டுக்கும் வேண்டாம் என்றேன், ஏன் என்று விளக்க எனக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை. உங்கள் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் தேடினேன். "பயன்படுத்திய கரியை மண்வளத்துக்குப் பயன்படுத்தலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி. சோதித்தீர்களா? மழை பெய்து மண் நனையும்போது ஒட்டியிருந்தது திரும்ப இறங்காது என்று யார் பார்த்தது? இறங்காமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் நல்லதா என்றால் அதுவும் முழுசாக இல்லை, கரிக்குள் ஒளிந்துகொண்ட மருந்து நுண்ணுயிர்களுக்கு எட்டாது, சிதைய வருடம் ஆகும். போன மழையில் தார்ப்பாய் விலகி, மூட்டைக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு வாசல்வரை ஓடியிருந்தது. காலையில் பார்த்து மண்ணை வெட்டி அணை போட்டேன். எண்ணினால் பதினோரு மூட்டைதான் இருந்தது. ஒன்றை யாரோ எடுத்துப்போயிருக்கிறார்கள். யார் வீட்டு அடுப்பில், யார் தோட்டத்தில் அது இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கரியே வேண்டாம் என்று நான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கரி வேலை செய்கிறது. எங்கே வேலை செய்யும் என்று நீங்கள் சரியான இடத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். தெளிப்பானை எங்கே கழுவுவேன் என்று என்னைக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்: கிணற்றடியில். தண்ணீர் அங்கேதானே இருக்கிறது. டேங்கில் மிஞ்சிய கலவையில் மருந்து லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும், அலசிய தண்ணீரிலும் மில்லிகிராம் கணக்கில் இருக்கும், அது நேராக மண்ணுக்குள் இறங்கும். வயல் முழுக்க அடித்ததில் கிணற்றுக்கு வந்ததைவிட இப்படி ஒரே இடத்தில் ஊற்றி ஊற்றி வந்தது அதிகமாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இப்போது கவனியுங்கள், நீங்கள் குடுவையில் கரைத்த 10 மில்லிகிராம் கிணற்றுத் தண்ணீருக்குப் பொருந்தவில்லை, கழுவிய தண்ணீருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அளவும் குறைவு, சில குடம்தான். ஒரு தொட்டியில் கரியோடு ராத்திரி முழுக்க ஊறவிடலாம், உங்கள் இருபத்துநாலு மணி நேரமும் அங்கே கிடைக்கும். யாரும் குடிக்கப்போவதில்லை என்பதால் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

சுவீடனில் 1993-இலேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். குழி வெட்டி, வைக்கோல் இரண்டு பங்கு, பீட் (சதுப்புநிலத்தில் மக்கிய தழை) ஒரு பங்கு, மேல்மண் ஒரு பங்கு கலந்து நிரப்பி, மேலே புல் வளர்த்து, அதன்மேல் தெளிப்பானை நிறுத்திக் கழுவுவது. வைக்கோலில் வளரும் பூஞ்சைகள் மருந்தை உடைக்கின்றன. பல நாடுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள், பீட்டுக்குப் பதில் கரியைக் கலந்து சோதித்தவர்களும் உண்டு. பயிர்க்கழிவைச் சுடாமலேயே பாதி வேலை முடிகிறது பாருங்கள். நான் இப்போது தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவுவதில்லை, தள்ளிப் போய் வைக்கோல் போட்ட ஒரு குழிமேல் கழுவுகிறேன். சரியாகச் செய்கிறேனா என்று சொல்லத்தான் ஆளில்லை.

"கழிவு" என்ற சொல்லையும் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்துங்கள். தட்டையும் வைக்கோலும் மாட்டுக்குத் தீவனம், மண்ணுக்கு மூடாக்கு. சக்கைகூட அடுப்புக்குப் போகும். சும்மா கிடக்கிறது என்று நினைத்துத் திட்டம் போட்டால், நூறு கிலோவில் முப்பது கிலோ அளவுக்குத்தான் கரி தேறும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இனி நான் கேட்பவை. இவற்றுக்கு ஆம், இல்லை என்று பதில் வேண்டும்.

ஆய்வாளர்களே, உண்மையான தண்ணீரில், உண்மையாக இருக்கிற அளவில், இருக்கிற மருந்துகளை ஒன்றாகக் கலந்து சோதியுங்கள். குடிநீர் என்ற சொல் உங்கள் கட்டுரையில் ஒருமுறை வந்தாலும், சதவீதத்துக்குப் பக்கத்தில் மிச்சம் எத்தனை மைக்ரோகிராம், வரம்பு எத்தனை மைக்ரோகிராம் என்று இரண்டு எண் போடுங்கள். அந்த வேலையைச் செய்ய உங்களிடம் கருவி இல்லையென்றால் குடிநீர் என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தெளிப்பான் கழுவிய நீர் என்று எழுதுங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. வடிகட்டியாக அடுக்கி, தண்ணீர் ஓடவிட்டு, மருந்து மறுபக்கம் தலைகாட்டும் வரைக்கும் நிறுத்தாமல் ஓட்டி, ஒரு கிலோ கரி எத்தனை லிட்டருக்குத் தாங்கியது என்ற ஒரே எண்ணை முதல் பக்கத்தில் சொல்லுங்கள். தாங்காத கரியைப் பற்றியும் எழுதுங்கள். உங்களுக்கு அது தோல்வி, எங்களுக்கு அது ஒரு வருட உழைப்பு மிச்சம். மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் அடிக்கிறவர்களைக் கேளுங்கள். மண்ணில் போடலாம் என்ற அந்த வரியை, திரும்ப இறங்குகிறதா என்று சோதிக்காமல் இனி யாரும் எழுத வேண்டாம்.

பணம் ஒதுக்குகிறவர்களே, கட்டுரை வெளிவந்ததும் திட்டம் முடிந்தது என்று கணக்கை மூடாதீர்கள். மனிதர்கள் குடிக்கிற இடத்தில் வடிகட்டி வைக்க அனுமதிக்கும்போது, அது தீர்ந்துபோகும் வரை வெளிநீரைச் சோதிக்கவும் தீர்ந்த கரியைத் திரும்ப எடுத்துப்போய்ப் பாதுகாப்பாக அழிக்கவும் சேர்த்துப் பணம் வையுங்கள். அதற்குப் பணமில்லை என்றால் வடிகட்டி வைக்க அனுமதிக்காதீர்கள். கடைசித் தவணையைக் கட்டுரைக்கு எதிராகக் கொடுக்காமல், ஒரு வருடம் கழித்து எடுத்த வெளிநீர்ச் சோதனைத் தாளுக்கு எதிராகக் கொடுங்கள். வடிகட்டிக்குப் பக்கத்தில் முதல் வார முடிவைத் தொங்கவிடுவதை நிறுத்துங்கள், கடைசியாகச் சோதித்த தேதியைத் தொங்கவிடுங்கள்.

எங்களிடம் வந்த குழுவுக்கு, பெயர் சொல்லவில்லை என்றாலும் இதைப் படிப்பீர்கள். கொட்டகையில் பதினோரு மூட்டை இருக்கிறது. அடுத்த மழைக்கு முன்னால் வண்டி எடுத்து வந்து ஏற்றிக்கொண்டு போங்கள். பன்னிரண்டாவது மூட்டையில் என்ன இருந்தது, அதை எரித்திருந்தாலோ மண்ணில் போட்டிருந்தாலோ என்ன செய்ய வேண்டும் என்று எல்லோரையும் கூப்பிட்டு வைத்து நீங்களே சொல்லுங்கள். என்றைக்கு வருகிறீர்கள் என்று தேதி மட்டும் முன்கூட்டிச் சொன்னால் போதும், மூட்டை தூக்க ஆள் நான் ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
பீப்பாய்க்குப் பொறுப்பாக இருந்தவன்